வளையல் எப்படி ஊசி ஆனது?

(திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு அறை. மறுநாள் ஆடிட்டர் வருகிறார். ஆகவே முதலாளி, என்றும் இல்லாத திருநாளாக, கணக்காளர் மல்லிகாவுக்குத் தம் கையாலேயே டீ கொண்டு வருகிறார்.)

முதலாளி: டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அம்மா. மார்ச் மாதத்தில், மெஷின் பராமரிப்புக் கணக்கில், 38,400 ரூபாய்க்கு ஒரு வவுச்சர் இருக்கிறது. அதன் விவரத்தில் "மகள் வளைகாப்புக்கு வளையல், சேலை" என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

மல்லிகா: நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிய அந்த யாரோ நான்தான், ஐயா.

முதலாளி: அதை "தையல் ஊசி" என்று சத்தமில்லாமல் மாற்றிவிடுங்கள்.

மல்லிகா: மாற்றலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் பழைய விவரம் என்ன, புதிய விவரம் என்ன, மாற்றியவர் யார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதெல்லாம் நம் கணக்கு மென்பொருளான டேலியின் எடிட் லாக் என்னும் திருத்தப் பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலாளி: அப்படியானால் வவுச்சரையே அழித்துவிடுங்கள்.

மல்லிகா: அழித்தது யார் என்று அதிலேயே விழும்.

முதலாளி: எடிட் லாகை அணைத்துவிட்டால்?

மல்லிகா: அதை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு எழுத வேண்டும் என்பது விதி, ஐயா. 2021 மார்ச்சில் அறிவித்து, இரண்டு முறை தள்ளிப்போட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். அது ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் யாராவது கை வைத்தார்களா என்று ஆடிட்டர் தம் அறிக்கையில் தனியாக எழுத வேண்டும்.

முதலாளி: என் தம்பியின் மளிகைக் கடைக்கு இந்தத் தொல்லையே கிடையாதே!

மல்லிகா: அவர் கம்பெனி வைத்திருக்கவில்லை. நீங்கள்தான் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயருக்குக் கீழே "பிரைவேட் லிமிடெட்" என்று அச்சடித்தீர்கள்.

முதலாளி: வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக்கூடப் பதினைந்து நிமிடத்துக்குள் மாற்ற விடுகிறார்கள். "திருத்தப்பட்டது" என்று மட்டும் காட்டுகிறதே தவிர, முன்னால் என்ன இருந்தது என்று ஊருக்குச் சொல்வதில்லை. அந்த நாகரிகம் இதற்கு வேண்டாமா?

மல்லிகா: பேரேட்டுக் காலத்திலேயே அந்த நாகரிகம் கிடையாது, ஐயா. தப்பாக எழுதியதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வெள்ளை மை பூசினால்தான் சந்தேகம் வரும். (குரலைத் தாழ்த்தி) அதிருக்கட்டும், நேற்றிரவு 11.42க்கு உங்கள் பெயரில் உள்ளே வந்து "வளையல்" என்பதை "ஊசி" ஆக்கியவர் யார்?

முதலாளி: (டீயைத் தாமே எடுத்துக் குடித்துவிடுகிறார்) கை தவறிப் பட்டிருக்கும்.

மல்லிகா: அவ்வளவு பணத்துக்கு ஊசி மிகுதி என்று தோன்றியதோ என்னவோ, 11.47க்கு அதே கை மறுபடியும் தவறி "ஊசி, நூல்" என்று ஆகியிருக்கிறது. 11.53க்கு "ஊசி, நூல், இதர". 12.05க்கு மறுபடியும் "வளையல்".

முதலாளி: இத்தனையையுமா ஆடிட்டர் பார்ப்பார்?

மல்லிகா: வளையலை மட்டும் பார்த்திருந்தால் சொந்தச் செலவு தவறி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். இப்போது ஊசியையும் பார்ப்பார்.

முதலாளி: இதற்கு வழியே இல்லையா?

மல்லிகா: இருக்கிறது. மெஷின் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் பெயரில் பற்று எழுதி, "இயக்குநரின் சொந்தச் செலவு, தவறான தலைப்பில் பதிவானது, திருத்தப்படுகிறது" என்று விவரத்தில் போட்டுவிடுகிறேன். நீங்கள் கம்பெனிக்கு 38,400 ரூபாய்க்குக் காசோலை தாருங்கள். தேதி இன்றையதாகவே இருக்கட்டும்.

முதலாளி: (நீண்ட பெருமூச்சுடன் காசோலைப் புத்தகத்தை எடுக்கிறார்) இந்தத் திருத்தமும் லாகில் ஏறுமா?

மல்லிகா: ஏறும், ஐயா.

முதலாளி: அப்படியானால் நேற்றிரவு மாற்றியவரே மனம் திருந்தி மாற்றச் சொன்னார் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.