பிண்ணாக்கும் போர்ச் சட்டமும்

எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தில், ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் அம்மா கடைசியாகச் செய்கிற வேலை பிண்ணாக்கு ஊறப்போடுவது. கடலைப் பிண்ணாக்கு. கல் மாதிரி இருக்கும். காலையில் அதைக் கரைத்துத் தவிடு போட்டுக் கலக்கினால் தொழுவமே மணக்கும். செக்கிலிருந்து புதுசாக வந்த அன்று நாங்களும் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொள்வோம். "வயித்தால போகும்டா, அது மாட்டுக்கு" என்று அம்மா திட்டுவார்.

சூடானின் டார்ஃபூர் பகுதியிலுள்ள எல் ஃபாஷர் நகரத்தில் 2025-இல் மக்கள் சாப்பிட்டது இதைத்தான். அங்கே அதற்கு அம்பாஸ் என்று பெயர். பொதுச் சமையல்கூடங்களில் அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாத்திரத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். கடைசி மாதங்களில் அதுவும் கிடைக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மாட்டுக்கு என்ன போட்டாங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சூடான் ராணுவத்தோடு உள்நாட்டுப் போர் நடத்திய ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை 2024 மே மாதத்திலிருந்து அந்த ஊரை முற்றுகையிட்டிருந்தது. அடுத்த மாதமே முற்றுகையை நிறுத்து என்று ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஊரைச் சுற்றி மண்மேடு எழுப்பினார்கள். அது வளர்ந்துகொண்டே போனது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது, உலகமே பார்த்தது. 2025 ஜூன் தொடக்கத்தில் போர்ட் சூடானிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் ஓடி வந்த 15 நிவாரண லாரிகள், ஊருக்குப் பக்கத்தில் வந்து காத்திருந்தபோது தாக்கப்பட்டன. ஐந்து பேர் செத்தார்கள். அக்டோபர் 26 அன்று ஊர் விழுந்தது. தப்பி ஓடியவர்களை வழியில் பிடித்துக் கொன்றார்கள். ராணுவத் தரப்பையும் விட்டுவிட முடியாது. சாட் எல்லையில் அட்ரே வழியாக டார்ஃபூருக்கு உணவு வருவதை 2024-இல் மாதக்கணக்கில் தடுத்து வைத்திருந்தது ராணுவ அரசுதான்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டாம் உலகப் போரில் முற்றுகைக்குள் கிடந்த ரஷ்ய நகரமான லெனின்கிராட் ஞாபகம் வந்தது. காரணம் அதே பிண்ணாக்குதான். 1941 செப்டம்பர் 8-இல் ஜெர்மன் படை அந்த நகரத்தின் கடைசி நிலவழியையும் அடைத்தது. நவம்பர் 20-லிருந்து குழந்தைகளுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு கொஞ்சம்தான். துறைமுகத்தில் கப்பல் உலைக்கு எரிக்க வைத்திருந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைச் சூடாக்கி விஷம் நீக்கி மாவோடு சேர்த்தார்கள். மரக்கூழ்கூடச் சேர்த்தார்கள். தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசையைக் காய்ச்சிக் குடித்தார்கள். எரிந்துபோன சர்க்கரைக் கிடங்கின் மண்ணைத் தோண்டி, கரைத்து வடிகட்டினார்கள். முற்றுகை முழுசாக நீங்கியது 1944 ஜனவரி 27. அதற்குள் பசியால் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கும் அதிகம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு.

சரி, இதற்கு யாராவது தண்டனை அனுபவித்தார்களா? இந்த இடத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. லெனின்கிராடைச் சூழ்ந்த படைத்தொகுதிக்குத் தளபதி வில்ஹெல்ம் ஃபான் லீப். போருக்குப் பிறகு நியூரம்பெர்க்கில் அமெரிக்க நீதிபதிகள் அவரை விசாரித்தார்கள். நகரத்திலிருந்து தப்பி வருகிற பொதுமக்கள்மீது பீரங்கியால் சுட்டு உள்ளே விரட்ட வேண்டும் என்ற உத்தரவும் அந்த வழக்கில் இருந்தது. 1948 அக்டோபரில் வந்த தீர்ப்பு, முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு ஓர் ஊரைப் பணியவைப்பது சட்டப்படி சரி என்றது. தப்பி ஓடுகிறவர்களைத் திருப்பி விரட்டியதிலும் குற்றம் காணவில்லை. சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கக் கூடாதா என்று நாங்கள் நினைக்கலாம், ஆனால் இருக்கிற சட்டத்தைத்தான் நடைமுறைப்படுத்த முடியும் என்று எழுதிவிட்டு, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார்கள். வேறொரு குற்றத்துக்கு மூன்று வருஷம். அதைச் சிறையில் ஏற்கெனவே கழித்துவிட்டார் என்று வெளியே அனுப்பினார்கள்.

அந்த நீதிபதிகள்மீது எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அன்றைக்குச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக எழுதிய லீபர் விதிகளிலேயே, ஆயுதம் வைத்திருந்தாலும் வைத்திராவிட்டாலும் எதிரியைப் பட்டினி போடலாம் என்று இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மனிமீது பிரிட்டன் போட்ட கடல் முற்றுகை, 1918 நவம்பரில் சண்டை நின்ற பிறகும் அடுத்த ஜூலை வரை தொடர்ந்தது. ஜெயித்தவர்களும் செய்ததுதான் இது. அதனால்தான் யாரும் அதைக் குற்றமாக எழுதவில்லை.

லீப் தீர்ப்பு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1949 ஆகஸ்டில் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை வந்தது. அதன் 23-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மருந்து எல்லாப் பொதுமக்களுக்கும் போகலாம். அத்தியாவசிய உணவும் துணியும் மட்டும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆகியோருக்குத்தான். ஒரே வீட்டில் தம்பிக்கு 14, அக்காவுக்கு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த பால் பவுடர் டப்பா சட்டப்படி தம்பிக்கு மட்டும். எந்தத் தாய் அப்படிப் பங்கு வைப்பாள்? அது போதாதென்று, எதிரியின் ராணுவத்துக்கோ பொருளாதாரத்துக்கோ திட்டவட்டமான ஆதாயம் கிடைத்துவிடும் என்று பயப்படக் காரணம் இருந்தால் அதையும் தடுக்கலாம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் பிரிவு அது.

பொதுமக்களைப் பட்டினி போடுவது போர் முறையாகவே தடை என்று ஒரு வரி எழுத 1977 வரை ஆனது. அந்த ஆண்டின் இரண்டு கூடுதல் நெறிமுறைகளிலும் அந்த வரி இருக்கிறது. ஒன்று நாடுகளுக்கு இடையிலான போருக்கு, இன்னொன்று உள்நாட்டுப் போருக்கு. பயிர், கால்நடை, குடிநீர், பாசன வாய்க்கால் எதையும் அழிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இந்தியா இந்த இரண்டிலும் இன்றுவரை சேரவில்லை. கையெழுத்துப் போடாத நாட்டையும் இந்தத் தடை கட்டுப்படுத்தும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆய்வு சொல்கிறது. ஆனாலும் என் நாடு ஏன் வெளியே நிற்கிறது என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இவ்வளவு எழுதியும் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையின் பெயர் நோக்கம். கடற்போர் பற்றி 1994-இல் சான் ரெமோவில் நிபுணர்கள் தொகுத்த கையேட்டில், பட்டினி போடுவதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட கடல் முற்றுகை தடை என்று இருக்கிறது. மட்டுமே! எந்தத் தளபதி அப்படிச் சொல்லுவார்? ஆயுதக் கடத்தலைத் தடுக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ராணுவ ஆதாயத்தைவிட மக்களுக்கு நேரும் கேடு மிஞ்சினாலும் தடைதான் என்று அதே கையேடு சொல்கிறது. ஆனால் அந்தத் தராசைப் பிடித்திருப்பது முற்றுகை போட்டவனின் கை. ஏமனில் ஹொடைடா துறைமுகத்தின் கிரேன்களை 2015 ஆகஸ்டில் சவுதி தலைமையிலான கூட்டணி விமானங்கள் குண்டு வீசி உடைத்தன. மாற்றாக நான்கு கிரேன்களை உலக உணவுத் திட்டம் அனுப்பியது. அந்தக் கப்பலை 2017 ஜனவரியில் திருப்பி அனுப்பினார்கள். கிரேன்கள் கரை இறங்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்து வாழ்கிற நாடு அது. கிரேன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒருவருடைய மனசுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

காஸாவில் நோக்கத்தைத் தேடவே வேண்டாம். மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை, எல்லாம் அடைப்பு என்று 2023 அக்டோபர் 9 அன்று இஸ்ரேலின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலான்ட் கேமரா முன்னால் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஹமாஸ் நடத்திய கொலைகள் கொடிய குற்றம்தான். அதற்காகப் பிறந்த குழந்தையின் பால் பவுடரை நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. 2024 நவம்பரில் நெதன்யாகுமீதும் கலான்ட்மீதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் போட்ட பிடியாணைகளில் பட்டினியும் ஒரு குற்றச்சாட்டு. அப்படியும் 2025 ஆகஸ்டில் காஸா நகரம் இருக்கிற பகுதியில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது.

"உணவை விட்டால் சண்டை போடுகிறவன் சாப்பிடுவானே" என்பது எப்போதும் வருகிற வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆயுதம் வைத்திருப்பவன் எப்போதும் வரிசையின் முன்னால்தான் நிற்பான். கடைசியாகச் சாகிறவனும் அவன்தான். முதலில் போவது கிழவிகளும் கைக்குழந்தைகளும். மூட்டையைப் பிரித்துச் சோதிக்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது, சோதிக்கட்டும். சோதனை என்ற பெயரில் லாரியை வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற உரிமை எங்கேயும் எழுதப்படவில்லை. தளபதி என்ன நினைத்தார் என்று நீதிமன்றங்கள் ஆராய்வதை விட்டுவிட்டு, வாசலில் எத்தனை மூட்டை உள்ளே போனது, உள்ளே எத்தனை வாய் இருந்தது, அந்தக் கணக்கு அவருக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டால் போதும் என்பது என் கருத்து.

1990-களில் யாழ்ப்பாணத்துக்குள் சோப்பும் மெழுகுவத்தியும் பேட்டரியும்கூடப் போக முடியாதிருந்த காலத்தில் வளர்ந்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் படித்தவர்கள். எல் ஃபாஷர் செய்தி வந்த அன்று அவர்களில் ஒருவர்தான் எனக்கு முதலில் அனுப்பினார். ஒரு வார்த்தையும் எழுதாமல் வெறும் படத்தை அனுப்பியிருந்தார்.

அப்புறம் ஒன்று. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-இன் ரோம் சட்டம் பட்டினியைப் போர்க்குற்றம் என்றது நாடுகளுக்கு இடையிலான போரில் மட்டும்தான். உள்நாட்டுப் போருக்கும் அதைச் சேர்த்தது 2019 டிசம்பரில். அந்தத் திருத்தமும் அதை ஏற்றுக்கொள்கிற நாடுகளுக்குத்தான். சூடான் ரோம் சட்டத்திலேயே உறுப்பினர் இல்லை. டார்ஃபூர் விவகாரத்தைப் பாதுகாப்பு சபை 2005-இல் அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்ததால், அங்கே நடந்த மற்ற குற்றங்களை அது விசாரிக்க முடியும். கொலைக்கு வழக்கு வரும், பாலியல் வன்முறைக்கு வழக்கு வரும். லாரிகளை நிறுத்தி, மண்மேடு எழுப்பி, பிள்ளைகளைப் பிண்ணாக்கு குடிக்க வைத்ததற்கு என்று தனியாக ஒரு போர்க்குற்ற வழக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.