போர்ல போன சொகுசு படகுங்க சும்மா ஷோவுக்கா?
பணக்காரங்க படகெல்லாம் போர்ல கரையோரம் பத்திரமா நின்னுச்சு, சண்டையே பாக்கலனு ஒரு மெசேஜ் சுத்துது, தப்புங்க அது. அமெரிக்க பேங்க் முதலாளி ஜே.பி. மோர்கனோட 'கோர்சேர்' படகை 1898ல அமெரிக்க கடற்படை விலை கொடுத்து வாங்கி, சின்ன பீரங்கிங்கள மாட்டி 'குளோஸ்டர்'னு பேர் மாத்துச்சு, கவசத் தகடுலாம் கிடையாது, ஆனா ஸ்பெயினோட நடந்த போர்ல, ஜூலை 3 கியூபாவோட சாண்டியாகோ கடல் சண்டையில ரெண்டு ஸ்பெயின் டிஸ்ட்ராயர (வேகமான போர்க்கப்பல்) எதிர்த்து நேரா பாஞ்சுது (அமெரிக்காவோட பெரிய கப்பல்களும் அதுங்கள சுட்டுச்சு, அதையும் சொல்லணும்). அப்புறம் தண்ணில தத்தளிச்ச எதிரி மாலுமிங்கள, ஸ்பெயின் படைத் தலைவர் அட்மிரல் செர்வேராவையும் சேர்த்து, காப்பாத்துனதும் இதுதான். ரெண்டாம் உலகப் போர்ல, 1942ல கனடா கடற்படையோட 'ரக்கூன்', அதுவும் பழைய சொகுசு படகுதான், அங்க செயின்ட் லாரன்ஸ் நதிப் பக்கம் கான்வாய்க்கு (கூட்டமா போற சரக்குக் கப்பல்களுக்கு) காவல் போனப்ப ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சு அதுல இருந்த ஒருத்தர்கூட பிழைக்கல. இவங்கள போய் ஷோனு சொல்றது ரொம்ப அநியாயம், அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணாதீங்க.