எறும்பு அளவு எழுத்தில் 'விளம்பரம்'

போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குப் போனேன். அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாக ஏதோ ஒரு சூரணம், காலையும் ராத்திரியும் வெந்நீரில். யார் சொன்னது என்று கேட்டால், "பேப்பர்லயே போட்டிருக்கான்டா" என்று மடித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்து நீட்டினார்.

செய்திக்குப் போடுகிற அதே எழுத்து, அதே பத்தி, ஒரு வைத்தியரின் பேட்டி, குணமானவர்கள் என்று நாலு பேர் படம், கடைசியில் போன் நம்பர். கீழே வலது மூலையில் ஓரக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு எறும்பு அளவில் 'விளம்பரம்' என்று இருந்தது. எனக்கே செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிய பிறகுதான் சரியாகத் தெரிந்தது. மறுநாள் வெறும் வயிற்றில் பரிசோதித்தால் சர்க்கரை 268.

"டீச்சரா இருந்துட்டு நீயே ஏமாறலாமா" என்று தங்கை திட்டினாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாற்பது வருஷமாக அந்தப் பேப்பரை நம்பிப் படிக்கிறவர் அம்மா, அந்த நம்பிக்கைக்குத்தான் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் போட்டாகிவிட்டது, அதன் பட்டியலில் உள்ள 54 நோய்களில் இதுவும் ஒன்று. அப்படியும் அந்தப் பக்கம் அச்சாகி, வீட்டு வாசலில் வந்து விழுகிறது. இதில் அம்மாவைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

ரீல்ஸ் பார்க்கிற நாம் மட்டும் தப்பித்தோமா என்ன. பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் "சும்மா நடந்து போனப்ப கண்ணுல பட்டுச்சு" என்று ஒரு ஹோட்டலைக் காட்டுகிறார்கள், அடுத்த வாரம் நாம் குடும்பத்தோடு போய் நிற்கிறோம். காசு வாங்காமல் சாப்பாடோ ரூமோ இலவசமாக வாங்கியிருந்தாலும் அதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பது விதி. விளம்பரத் துறையின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021லேயே இதைக் கொண்டுவந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் பத்து லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை, அதில் நடித்துப் பரிந்துரைக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அம்மா இப்போது மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். பேப்பரைப் பிரித்ததும் முதலில் நாலு மூலையையும் பார்க்கிறார். நேற்று போனில், "இன்னிக்கு மூணு பக்கம்டா. ரெண்டுல விளம்பரம்னு போட்டிருக்கு. ஒண்ணுல எதுவுமே போடல, ஆனா கீழ போன் நம்பர் மட்டும் இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன்.