'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்று அர்த்தமா?

"ஆங்கிலத்தில் 'இன்' என்று தொடங்கினாலே எதிர்ப்பதம், அதனால் 'இன்ஃபிளேமபிள்' என்று போட்ட தின்னர் டப்பா தீப்பிடிக்காது" என்று ஒரு வாட்ஸ்அப் பாடம் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்ததில்லையா? எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள்.

'இன்கரெக்ட்'டில் வரும் 'இன்' மறுப்பது, சரி. இந்தச் சொல்லோ 'தீ மூட்டு' என்ற பொருளுள்ள 'இன்ஃப்ளம்மாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. குழப்பத்துக்குப் பயந்தே 1920களில் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. இரண்டும் ஒன்றுதான். தீப்பிடிக்காதது 'நான்ஃபிளேமபிள்'.

அப்புறம், 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது.