வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு யாருக்குச் சமம்?

போர்க்காலத்தில் வன்னியில் புலிகள் நடத்திய "வீட்டுக்கு ஒருவர்" என்ற கட்டாய ஆட்சேர்ப்பு எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாகத்தானே இருந்தது என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். மண்ணில் இறங்கி வேலை செய்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மகன் போனால் ஒரு வீட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு, நம் மலையகத்தில் நுவரெலியாவின் கந்தப்பளைப் பக்கம் அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடும் குடும்பத்தையே பாருங்கள். விதைக்கிழங்கு மட்டும் 400, 500 கிலோ போகும். கொத்துவது, நட்டு மூன்று நாலு கிழமையில் மண் அணைப்பது எல்லாமே மண் கிளறும் இரும்பு முள்ளும் மண்வெட்டியும்தான். அந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. பனியும் தூறலும் விடாமல் நின்றால் ஏழு நாளைக்கு ஒருமுறை கருகல் நோய்க்கு மருந்தடிக்க வேண்டும். 16 லீட்டர் டாங்கியை நிரப்பினால் முதுகில் 20 கிலோ. அதோடு வழுக்குகிற பாத்திகளில் ஏறி இறங்க அறுபது வயது அப்பாவால் ஆகாது, அம்மா கொழுந்தெடுக்கப் போயிருப்பார். ஒரு சுற்றுத் தவறினால் போதும். இலையில் நீர் கோத்த மாதிரிப் புள்ளி விழும், திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம். பத்துப் பதினைந்து நாளில் தோட்டமே கருகி நிற்கும். கிழங்குக்குள் இறங்கிவிட்டால் அடுத்த போகத்துக்கு விதையும் தேறாது. உரக்கடைக் கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

கூலி கொடுக்க வசதியுள்ள வீட்டில் மகன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். வசதியில்லாத வீட்டில் அந்த மகன்தான் கூலியாள், அவன்தான் விவசாயமே.

வன்னிக்குப் போன நம் மலையக ஆட்களுக்கு இது இன்னும் மோசமாக விழுந்தது. 1958, 1977, 1983 கலவரங்களில் உயிர் தப்பி ஓடியவர்கள் கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். பலருக்கு வயல் இல்லை, வாய்க்கால் தண்ணீர் இல்லை. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப அண்ணனோ, கொழும்பில் தங்க இடம் கொடுக்க மாமாவோ பெரும்பாலும் கிடையாது. 2006க்குப் பிறகு பிடிப்பு இறுகியது. வன்னியை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ், அதாவது பயண அனுமதி, வேண்டும், அதற்கும் பிணையாக வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றச் சின்ன வயதிலேயே கல்யாணம் கட்டி வைத்தார்கள். 2008 முடியும்போது ஒருவர் என்ற எல்லையும் போய், சில வீடுகளில் இரண்டாவது பிள்ளையையும் கொண்டுபோனார்கள்.

அரசாங்கம் கட்டாயச் சேவையை நடைமுறைப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி என்ற பேச்சு 2021இல் அமைச்சர் ஒருவரிடமிருந்தே வந்தது. அதையும் பொதுவானது என்று நம்பி விட்டுவிட முடியாது.

அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பவும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த காணாமல்போனோர் அலுவலகத்தில் முறைப்பாடு போட உதவுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழ் நுவரெலியாவில் ஒரு எழுத்தில் இருக்கும், வன்னிப் பதிவில் வேறு எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, அதையும் சேர்த்தே கொடுங்கள்.