ஸ்பின்னர் கோன் பிளேடைத் தொடக்கூடாது

மாடல் விமானத்தின் மூக்கில், புரொப்பெல்லரின் நடுப்பகுதியை மூடும் கூம்புதான் ஸ்பின்னர் கோன். பிளேடுகள் வெளியே வருவதற்காக அதில் வெட்டுகள் (திறப்புகள்) இருக்கும். அந்த வெட்டு பிளேடை இறுகப் பிடித்திருந்தால் புரொப்பெல்லர் ஆடாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பரே, அது சரியல்ல. புரொப்பெல்லரைப் பிடிப்பது அதன் பின்னால் இருக்கும், கோன் உட்காரும் பின்தட்டும், வாஷரும், நட்டும்தான். கோன் வெறும் மூடி. வெட்டுக்கும் பிளேடுக்கும் இடையே சுற்றிலும் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி வேண்டும்.

தொட்டால் என்ன ஆகும்? கோன் பின்தட்டில் முழுவதும் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அதிரும். வெட்டின் மூலையில் விரிசல் தொடங்கும். அதைவிட மோசமானது, கோனின் விளிம்பு பிளேடின் அடிப்பகுதியில், அதாவது நடுவோடு சேரும் இடத்தில், கீறல் போடுவது. இழுவிசை மிக அதிகமாக இருக்கும் இடமே அதுதான். அங்கே விழும் சிறு கீறல்கூட பிளேடு முறியக் காரணமாகலாம்.

நீங்களே பார்க்கலாம். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கோனை மாட்டி, விசிட்டிங் கார்டை மூன்றாக மடித்து இரண்டு பிளேடுகளின் முன்னும் பின்னும் விட்டுப் பாருங்கள். மாட்டாமல் போய்வர வேண்டும். சிக்கும் இடத்தில் கோனை மட்டும் வட்ட அரத்தால் ராவுங்கள், பிளேடைத் தொடவே வேண்டாம். ஒரு வெட்டில் எடுத்த அளவை எதிர்வெட்டிலும் எடுங்கள், இல்லையென்றால் பேலன்ஸ் போய்விடும். பிறகு கையால் சுற்றி, கோனின் முனை ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சென்னை மே மாத வெயிலில், மூடிய காருக்குள் கிடந்த பிளாஸ்டிக் கோன் நெளியக்கூடும். மைதானத்தில் இன்னொரு முறை கார்டை விட்டுப் பார்த்துவிட்டே பறக்க விடுங்கள்.