பயிற்சியில் இறந்தவரின் பெயரும் அதே சுவரில்தான் இருக்க வேண்டும்

பணியில் உயிர்நீத்த காவலர்களின் நினைவுச் சுவரில், பயிற்சி முடியும் முன்பே இறந்துபோனவர்களின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், உடனே வரும் பதில் இது: "அவர் இன்னும் காவலராக உறுதிமொழியே எடுக்கவில்லையே." இந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

2016 அக்டோபர் 24 இரவு, பாகிஸ்தானின் குவெட்டா காவல் பயிற்சிக் கல்லூரிக்குள் ஆயுததாரிகள் புகுந்தார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் பயிற்சியில் இருந்த இளைஞர்கள். 2019 ஜனவரி 17 அன்று கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில், காவல் அகாடமிக்குள் வெடிகுண்டு நிரப்பிய வண்டி வெடித்து 22 கேடட்கள் போய்விட்டார்கள். கொல்ல வந்தவர்கள் யாரும் "நீ உறுதிமொழி எடுத்துவிட்டாயா?" என்று கேட்கவில்லை. காவல்துறையை அடிக்கிறோம் என்றுதான் அங்கே வந்தார்கள். கொலைகாரன் கண்ணுக்குக் காவலராகத் தெரிந்தவர், துறையின் கண்ணுக்கு மட்டும் எப்படி வெறும் மாணவர் ஆகிவிடுகிறார்?

சரி, இவை பயங்கரவாதத் தாக்குதல்கள், இவற்றுக்கு விதிவிலக்கு கொடுக்கலாம் என்பார்கள். சாதாரண நாளில் போன உயிர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2022 நவம்பர் 16 காலை, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் விட்டியர் என்ற ஊரில், வரிசையாக ஓடிக்கொண்டிருந்த பயிற்சிக் காவலர்கள் மீது எதிர்த்திசையில் வந்த ஒரு கார் பாய்ந்தது. 25 பேருக்குக் காயம். அவர்களில் ஒருவர் மாதக்கணக்கில் போராடி, அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்தார். அவர் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஓடியது தன் விருப்பத்துக்கா? ஓடு என்றார்கள், ஓடினார். பயிற்சியில் இருப்பவருக்குக் கட்டளையை மறுக்கும் உரிமை கிடையாது. ஒருவரைக் கட்டளைக்குக் கீழே வைத்துக்கொண்ட பிறகு, அந்தக் கட்டளையில் போன உயிருக்கும் துறைதானே பொறுப்பு?

2024 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலக் காவல் பயிற்சியில், குத்துச்சண்டைப் பயிற்சியின்போது படுகாயமடைந்த ஓர் இளைஞருக்கு மருத்துவமனைப் படுக்கையிலேயே உறுதிமொழி செய்து வைத்தார்கள். பிறகு அவர் இறந்துவிட்டார். அப்படிச் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மைதானத்திலேயே வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து இறந்தவருக்கு அந்த அவகாசம் இல்லையே. உயிர் சில மணி நேரம் கூடுதலாகத் தங்கியதை வைத்தா ஒருவர் காவலரா இல்லையா என்று முடிவு செய்வது?

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். பயிற்சியில் நடக்கும் சாவுகளில் பல தடுத்திருக்கக்கூடியவை. தண்ணீர் கொடுக்காமல், ஓய்வு கொடுக்காமல், அத்துமீறி அடிக்கவிட்டு நடந்தவைகூட இருக்கலாம். அப்படி ஒரு சாவைத் தியாகம் என்று கல்லில் செதுக்கிவிட்டால் தப்பு மூடிப்போகாதா என்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. பெயரே பதிவாகாத சாவுதான் சுலபமாக மறைந்துபோகும். பெயர் சுவரில் இருந்தால் 'இவர் எப்படி இறந்தார்?' என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விசாரணையும் நடக்கட்டும், மரியாதையும் கிடைக்கட்டும்.

எல்லாரையும் சேர்க்கச் சொல்லவில்லை. விடுப்பில் வீட்டுக்குப் போன இடத்தில் நோயால் இறந்தவர் வேறு. பணியில் இருக்கும் காவலருக்கு என்ன அளவுகோலோ, அதுவே இவருக்கும் போதும்: இட்ட வேலையைச் செய்யும்போது இறந்தாரா?

இதனால் மற்றவர்களின் பெருமை குறையும் என்பதும் சரியல்ல. வாஷிங்டனில் 1991இல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தின் சுவர்களில் பெயர்கள் அகர வரிசையில்கூட இல்லை, கலந்துதான் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் பயிற்சிக் காவலர் ஒருவரின் பெயர் சேர்ந்தால் யாருக்கு என்ன குறை?

அப்புறம், பெயரைச் சேர்க்கச் சொல்லி பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் மனு எழுதிக்கொண்டு அலையக் கூடாது. சேர்த்துக்கொண்ட பயிற்சிப் பள்ளியே ஆவணங்களைத் தயாரித்து, அடுத்த ஆண்டுப் பெயர்ப் பட்டியலுக்குள் அனுப்பிவைக்க வேண்டும். இதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.